தலை தீபாவளியன்று தேங்கிய தண்ணீர்

தியாகராய நகரில் ஏரியைத் தூர்த்த மண்ணில் வீடு கட்டியவர்கள் நிறையப் பேர். அந்த வீடுகளின் அழுக்குத் தண்ணீர் வெளியே போக வழி செய்தவன் நான். இடுப்பளவு ஊற்றுத் தண்ணீரில் நின்று பீங்கான் குழாய் பதித்திருக்கிறேன். மயிலாப்பூரில் சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகளில், முற்றத்துக் கல் ஒன்றுகூட விரிசல் விடாமல், அடியில் பள்ளம் பறித்துக் குழாயைத் தெருவுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சாந்தோமில் கிறிஸ்தவ வாத்தியார்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்குப் புதுசாகக் குளியலறை கட்டிக் கொடுத்தேன். அடையாற்றில் ஆற்றோரத்துப் பங்களா ஒன்றில், மழை வந்தால் சாக்கடை வீட்டுக்குள் ஏறும் என்று மற்ற கான்ட்ராக்டர்கள் கையை உதறிவிட்டுப் போன வேலையை நான் முடித்தேன். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அப்பாவும் அம்மாவும் ஒரே கோடையில் போய்விட்டார்கள். அவர்கள் எனக்கு விட்டுப்போனது ஒரு தங்கையை மட்டும்தான். அவளை வளர்த்து ஆளாக்கினேன். உலகச் சண்டை முடிந்தும் இரும்பும் சிமெண்டும் கண்ணில் படாத காலத்தில், இடிபட்ட பங்களாக்களின் பழைய சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, மந்தைவெளியில் சொந்தமாக வீடு கட்டினேன்.

இதையெல்லாம் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு யாரும் சொல்வதில்லை. போன மாதம் என் தங்கை வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. பந்தலில் மைக் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை எழுந்து பழைய கதை ஒன்றைச் சொன்னார். எங்கள் வீட்டுத் தலை தீபாவளிக் கதை. "மச்சான் தலையெல்லாம் எண்ணெயோட சாக்கடையில மூங்கிலை விட்டு ஆட்டிக்கிட்டு நிக்கிறார். எங்கம்மா ஒரே வார்த்தையில கண்டுபிடிச்சாங்க" என்றார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் உட்காரும்வரை காது இரண்டும் சுட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சூடு ஆறவில்லை. அதனால் அந்தக் காலையை நானே முழுசாக எழுதிவிடுகிறேன்.

தங்கையைக் கோபாலபுரத்தில் கொடுத்தேன். மாப்பிள்ளை ஆபீஸ் உத்தியோகம், சாது. அவருடைய அம்மா அப்படியில்லை. வீடு முழுவதும் அந்த அம்மாள் கைக்குள் இருந்தது. கல்யாணத்துக்கு முன் என்னைக் கான்ட்ராக்டர் என்று சொல்லியிருந்தார்கள். என்ன கான்ட்ராக்ட் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து என் தங்கையைச் சமையலறைக்குள் தண்ணீர்த் தவலையைத் தொட விடவில்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை. "நீ இரும்மா, நான் மொண்டு தரேன்" என்று மட்டும் சொல்லுவாராம். குடிக்கிற தண்ணீரைக்கூட அந்த அம்மாள் ஊற்றித்தான் இவள் குடிக்க வேண்டும். தங்கை இதை என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். மனைவி வந்து சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் கையையே பார்த்தேன். சோப்புப் போட்டு, எலுமிச்சைத் தோல் வைத்துத் தேய்த்துக் கழுவிய கைதான். அன்றைக்கு அந்தக் கையால் சோற்றைப் பிசையப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் யோசனை வந்தது. தலை தீபாவளிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தால் போதும், சம்பந்திகள் வருகிற வழக்கம் கிடையாது. நான் கோபாலபுரத்துக்கே போய், அந்த அம்மாளும் கட்டாயம் வந்து தங்க வேண்டும் என்று வருந்தி வருந்திக் கூப்பிட்டேன். "என் வீட்டுக் குளியலறையை நீங்க வந்து பார்க்கணும்மா. ஒரு பொட்டு நாத்தம் இருக்காது. மோந்து பார்க்கலாம்" என்றேன். இன்னா என்று வருகிற வாயை என்ன என்று திருத்தித் திருத்திப் பேசினேன். அந்த அம்மாள் சிரிக்காமல், "குளியலறையை மோந்து பார்க்க யாராவது கூப்பிடுவாங்களா தம்பி?" என்றார். ஆனால் வருவதாகச் சொன்னார்.

நான் பொய் பெருமை பேசவில்லை. நல்ல குளியலறைதான் அது. தண்ணீர் இறங்கும் இடத்தில் வளைந்த குழாய் வைத்திருந்தேன். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். நிற்கிற தண்ணீர்தான் சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுக்கிற கதவு. பின்பக்கச் சந்தில் மூடி போட்ட தொட்டி. தெருச் சாக்கடையின் காற்று வீட்டுக்குள் வராதபடி அந்தத் தொட்டியின் வாயிலும் ஒரு வளைவு. இரண்டு கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற காற்று வெளியேற, சுவரோரமாக மொட்டை மாடிக்கு மேலே ஆள் உயரம் தாண்டி ஒரு இரும்புக் காற்றுக் குழாய். அடையாற்றில் இடித்த பங்களா ஒன்றிலிருந்து அந்தக் குழாயை நானும் ஒரு மாட்டு வண்டிக்காரரும் கொண்டுவந்தோம். எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டிலும் அப்படிக் குழாய் கிடையாது. "வூட்டுக்கு எதுக்கு நைனா கொடிமரம்?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். எதுக்கு என்று அவருக்கு விளக்கமாகச் சொன்னவன் நான்.

ஒன்றே ஒன்று. வீட்டுக்கு வந்து சில மாதங்களாகவே, குளித்த தண்ணீர் இறங்கும்போது களுக் களுக் என்று சத்தம் வந்தது. நடுநடுவே ஒரு வாடையும் வந்தது. என் மனைவி சொன்னாள்.

"இன்னாங்க, உள்ள எவனோ கொப்புளிக்கிற மாதிரி சத்தம் வருது. வாடை வேற கீது."

"நல்லா இழுக்குது, அதான் சத்தம். வாடைக்குப் பினாயில் ஊத்து" என்றேன்.

ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவனுக்குத் தன் வீட்டு இருமல் காதில் விழாது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். செம்பு செம்பாக ஊற்றிக் குளிப்போம். தண்ணீரும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

தீபாவளி விடிந்தது. வெளியே பிசுபிசுவென்று மழை. என் மனைவி பெரிய அண்டாவில் வெந்நீர் போட்டிருந்தாள். மாப்பிள்ளை தலையில் எண்ணெய் வைத்துக் குளித்து முடித்தார். கூடத்தில் மணைமேல் புதுத்துணிகள், ஓரத்தில் மஞ்சள் தடவி அடுக்கியிருந்தது. பக்கத்தில் பலகாரத் தட்டு. தங்கை முதலிலேயே குளித்துவிட்டுக் கூறைப்புடவைக்கு அடுத்தபடியாக நான் எடுத்துக் கொடுத்த தலை தீபாவளிப் பட்டுப்புடவையை உடுத்திக்கொண்டு நின்றாள். மாம்பழ நிறம். சம்பந்தியம்மாள் உள்ளே குளிக்கப் போனார். எனக்கும் தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தார்கள். ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, என் முறைக்காக நின்றபடியே மாப்பிள்ளையிடம் காற்றுக் குழாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தம்பி, தண்ணி கணுக்கால் வரைக்கும் நிக்குதே. இது இப்படித்தான் நிக்கணுமா?"

"ஒரு நிமிஷம்மா, போயிடும். இழுவை ஜாஸ்தி" என்றேன்.

"இழுக்கலையே. மேல துப்புது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கதவுக்கு அடியில் சீயக்காய்த் தண்ணீர் வெளியே வந்தது. பழுப்பு நிறம், மேலே எண்ணெய் மிதக்க, முடிச் சுருள்களோடு. பக்கத்துக் கக்கூசிலிருந்தும் களுக் களுக் என்று பதில் வந்தது. கூடவே அந்த வாடை. நான் மோந்து பார்க்கச் சொன்ன வீடு அது.

"கார்ப்பரேஷன்காரன் தெரு லைனைச் சுத்தம் பண்ணலை. ஊரே ஒரே நேரத்துல குளிக்குது, அதான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, மூங்கில் பிளாச்சை எடுத்துக்கொண்டு பின்சந்துக்கு ஓடினேன். மாப்பிள்ளையும் கூடவே வந்தார். தொட்டி மூடியை நெம்பித் திறந்தேன். திறந்த உடனே குபுகுபுவென்று தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்து ஓடியது. தெரு லைன் சும்மா திறந்து கிடந்தது. பிளாச்சை ஒரு தரம் உள்ளே விட்டு எடுத்தேன். "முடிஞ்சது மாப்ள. கை வச்சா நிக்காது" என்றேன். மூடியைப் போட்டேன்.

உள்ளே போய்ச் சேர்வதற்குள் மறுபடியும், "தம்பி, நின்னுடுச்சு!"

திரும்ப ஓடினேன். திறந்தேன், போனது. ஆட்டினேன், தட்டினேன், மூடினேன். "இப்ப சரியாயிடுச்சு" என்று கத்தினேன். "இல்லை" என்று பதில் வந்தது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது எனக்குத் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டி, "இன்னா நைனா, ஊருக்கே தண்ணி உடுற, உன் வூட்டுத் தண்ணி உன் பேச்சைக் கேக்கல போலக் கீதே" என்றார். அந்தச் சந்து முழுக்கச் சிரித்த மாதிரி இருந்தது எனக்கு.

நான் உள்ளே வந்தபோது பார்த்ததைத்தான் யாரும் மைக்கில் சொல்வதில்லை.

தண்ணீர் கூடத்துக்கே வந்துவிட்டது. மணையை நோக்கி, புதுத்துணியை நோக்கி வந்துகொண்டிருந்தது. என் மனைவி துணிகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். என் தங்கை அந்த மாம்பழ நிறப் பட்டை முழங்காலுக்கு மேல் வரிந்து செருகிக்கொண்டு, குனிந்து, முறத்தால் அந்தத் தண்ணீரை வாரி வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீரைத் தொட விடாத மாமியார், நனைந்த கூந்தலோடு சேலையைச் சுற்றிக்கொண்டு குளியலறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் தொடாத தண்ணீர் இனி என்ன பாக்கி? எந்தப் பேச்சை மாற்றுவதற்காக அந்த அம்மாளை வருந்தி அழைத்தேனோ, அந்தப் பேச்சுக்கு என் வீட்டிலேயே, நல்ல நாளில், கண்ணெதிரே சாட்சி வைத்துவிட்டேன். தங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீ போ அண்ணாத்தே. நான் பாத்துக்கினு தான கீறேன்" என்றாள்.

மாமியார் எதிரில் அவள் கோபாலபுரத்துப் பேச்சுதான் பேசுவாள். அன்றைக்கு மறந்துவிட்டாள். நான் முறத்தை வாங்கியிருக்கலாம். கை நீளவில்லை. உடம்பெல்லாம் எண்ணெயோடு, இடுப்பில் துண்டோடு, கையில் சேறு வழிகிற மூங்கிலோடு நின்றேன். நாலு சுவரும் நான் கட்டியது. நிற்பதற்கு அதில் ஓர் இடம் தெரியவில்லை எனக்கு.

அப்போது சம்பந்தியம்மாள் கேட்டார்.

"தம்பி, நீங்க மூடியைத் திறந்தா தண்ணி போகுது. மூடினா நிக்குது. அப்படித்தானே?"

"ஆமாம்மா. லைன்ல ஏதோ..."

"லைனுல ஒண்ணும் இல்லை. எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா எப்படி வரும்? களுக் களுக்குன்னு திக்கும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டாத்தான் ஒழுங்கா ஊத்தும். சமையக்கட்டுல நிக்கிற எவளைக் கேட்டாலும் சொல்லுவா. உங்க டின்னுக்கு இன்னொரு ஓட்டை எங்க?"

இன்னொரு ஓட்டை. கொஞ்ச நேரம் முன்னால்தான் அதைப் பற்றி மாப்பிள்ளையிடம் அளந்துகொண்டிருந்தேன். அடையாற்றிலிருந்து அதை வண்டியில் கொண்டுவந்தவன் நான். சட்டென்று கண்முன் வந்து நின்றது அந்தக் குழாயும், அதன் தலையில் உட்கார்ந்திருந்ததும்.

வீடு முடிந்தபோது கொத்தனார் திருஷ்டிப் பானை கொண்டுவந்தார். கரி பூசி, சுண்ணாம்புப் புள்ளி வைத்து, பல்லை இளித்த முகம் எழுதிய பானை. மதில்மேல் வைக்கப் போனவரை நான்தான் தடுத்தேன். இந்தத் தெருக் கண் முழுவதும் என் வீட்டு மேல்தான், ஆக உயரமான இடத்தில் வை என்றேன். ஆக உயரமான இடம் எது? காற்றுக் குழாய். அதன் வாயில் பானையைக் கவிழ்த்து, காற்றுக்கு விழாமல் இருக்க, சுற்றிலும் கலவை வைத்து நன்றாகப் பூசிவிட்டார். கீழே நின்று அழகு பார்த்தேன். அதற்கப்புறம் தினமும் வேலையிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலிருந்தே அதைப் பார்ப்பேன். மற்றவர் வீட்டுக் குழாயில் காக்கை கூடு கட்டியிருந்தால் கீழே நின்றே சொல்லிவிடுகிற கண் என்னுடையது. என் வீட்டில் எனக்குத் தெரிந்தது பானை மட்டும்தான்.

சுத்தியலை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்று குழாயைக் கட்டிப்பிடித்தேன். எண்ணெய்க் கை வழுக்கியது. மழை வேறு. தெருவில் வெடி வெடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். துண்டோடு ஒரு மனிதன் கொடிமரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், அவன் தலைக்கு மேலே பானை பல்லை இளிக்கிறது. என் மனைவி வாசலுக்கு ஓடிவந்து கத்தினாள்.

"ஐயையோ, திருஷ்டிப் பானைங்க அது! நல்ல நாளும் அதுவுமா உடைக்கிறீங்களே!"

ஓங்கி ஒரு போடு போட்டேன். பாதி முகம் உடைந்து தெருவில் விழுந்தது. இன்னொன்று போட்டேன். குழாயின் வாய் திறந்தது. மூச்சு அடக்கினவன் விட்ட மூச்சு மாதிரி, முகத்தில் அடித்தது அந்தக் காற்று. அதன் வாடையைச் சொல்ல வேண்டியதில்லை. கீழே வீட்டுக்குள்ளிருந்து, மடமடவென்று தண்ணீர் இறங்குகிற சத்தம் மாடிவரை கேட்டது. யாரோ கை தட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர்தான்.

இறங்கி வந்தேன். படிக்கட்டு முடிகிற இடத்திலேயே நின்றுவிட்டேன். சம்பந்தியம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். ஊரில் யாரும் அந்த அம்மாள் சிரித்துப் பார்த்ததில்லை என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஊர்க் கண்ணு படக்கூடாதுன்னு வெச்ச பானை, வீட்டுக்காரர் மூக்கையே பொத்திடுச்சே!" என்றார். என் மனைவி முதலில் பயந்து பார்த்தாள், பிறகு அவளும் சிரித்தாள். மாப்பிள்ளை சிரித்தார். தங்கைகூட முகத்தைப் பட்டுத் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்கினாள். அந்தத் தலைப்பில் சீயக்காய்க் கறை.

சிரித்து ஓய்ந்து, இருமல் வந்து, அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அம்மாடி, தொண்டை அடைக்குது. போய்க் குடிக்க ஒரு சொம்பு தண்ணி மொண்டு வா."

என் தங்கை தன்னைத்தானா என்று சுற்றிப் பார்த்தாள்.

"உன்னைத்தான். கையைக் கழுவிட்டு வா."

தங்கை கை கழுவிவிட்டு எங்கள் வீட்டுத் தவலையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். அந்த அம்மாள் அதை வாங்கி மடமடவென்று குடித்தார். படிக்கட்டில் எண்ணெயும் கரியுமாக நின்று நான் அதைப் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, நல்லவேளை.

கோபாலபுரத்துக்குக் கிளம்பும்போது, "எங்க வீட்டுப் பின்கட்டிலயும் இந்த மாதிரி திக்குற சத்தம் வருது. வந்து அந்த இன்னொரு ஓட்டை போட்டுக் குடுங்க தம்பி" என்றார். போய்ப் போட்டுக் கொடுத்தேன். அப்போது என் தங்கை அந்த வீட்டுச் சமையலறையில் தவலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்த அம்மாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் டின்னுக் கதையைச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் "என் மருமக அண்ணன் வீட்டுல" என்றுதான் ஆரம்பிப்பார். அதுவரை அவர் வாயில் நான் அண்ணனாக வந்ததில்லை.

நான் கட்டிய வீட்டால் அது நடக்கவில்லை. என் வெட்கத்தால் நடந்தது. அதை நினைத்தால் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தங்கை குனிந்து நின்றதும் கூடவே ஞாபகம் வந்துவிடுகிறது. அவள் அந்தப் பட்டை அப்புறம் கட்டவேயில்லை.

அதனால் மாப்பிள்ளைக்கும், இனிமேல் எந்தப் பந்தலிலும் மைக்கைப் பிடிக்கப்போகிறவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். கதையைச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் அம்மாதான் கண்டுபிடித்தார், அதில் சண்டை இல்லை. ஆனால் அந்தத் தெருவிலேயே யாரும் வைக்காத காற்றுக் குழாயை வைத்தவன் நான். குழாய் இல்லாவிட்டால் உங்கள் அம்மா கேட்ட இன்னொரு ஓட்டைக்கு எங்கே போயிருப்பீர்கள்? அதன்மேல் பானையை வைக்கச் சொன்னவனும் நான், அதையும் என் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மழையில் எண்ணெய்க் கையோடு ஏறி அதை உடைத்தவன் நான். ஊரே பார்க்க நான் அப்படி நின்றதால்தான் அந்தச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பில்தான் என் தங்கை கையால் ஒரு சொம்பு தண்ணீர் கேட்கப்பட்டது. அடுத்த தடவை சொல்லும்போது இது அத்தனையும் வரவேண்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.